ஐந்து இலக்கம்

கடந்த ஆண்டு பருவத் தேர்வு முடிந்து கிள்ளானில் உள்ள வீட்டுக்குப் போன மறுநாள், அப்பா என்னைக் காருக்கு அருகே அழைத்தார்.

"தம்பி, ரேடியோ பாட மாட்டேங்குது. என்னான்னு பாரு. இஞ்சினியரிங்தானே படிக்கிற?"

அது 1999-ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்ட். என்னைவிட நான்கு வயது மூத்தது. முந்தின வாரம் பேட்டரி செத்துப்போய்ப் பட்டறையில் புதியது மாற்றியிருந்தார்கள். அதிலிருந்து வானொலித் திரையில் 'கோட்' என்ற ஒரே சொல்தான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சத்தம் இல்லை.

அப்பா விடியற்காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்புவார். கார் நகரும் முன்பே 1-ஆம் பொத்தானை அழுத்திவிடுவார். அதில் இருப்பது 92.3, மின்னல் எஃப்எம். அந்தப் பெயர் 2005-இல் வந்தது. அப்பாவுக்கு இன்னும் அது 'ரேடியோ ஆறு'தான். "பாட்டு இல்லாம தூக்கம் தூக்கமா வருதுடா" என்றார்.

வானொலி பழுதாகவில்லை. அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கார் வானொலிகளைத் திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போன காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு இது. வானொலியைக் கழற்றினால் மின்சாரம் அறுந்துவிடும். அறுந்ததும் அது பூட்டிக்கொள்ளும். மறுபடி மின்சாரம் வரும்போது இரகசிய எண்ணைக் கேட்கும். திருடனுக்கு எண் தெரியாது. திருடியும் பயன் இல்லை. ஆனால் பேட்டரியை மாற்றியவர் யார், திருடன் யார் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கையேட்டை இணையத்தில் தேடிப் படித்தேன். எண் ஐந்து இலக்கம். அழுத்த வேண்டியவை 1 முதல் 6 வரையிலான பொத்தான்கள். பத்து முறை தவறினால் ஒரு மணி நேரம் வானொலியை ஆன் செய்தபடியே வைத்திருந்து, பிறகுதான் மீண்டும் முயல முடியும். கணக்குப் போட்டேன். மொத்தம் 7,776 எண்கள். மணிக்குப் பத்து என்றால் இரவு பகலாக உட்கார்ந்தாலும் 32 நாளுக்கு மேல் ஆகும். அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு லீவு எத்தனை நாளு?" என்று கேட்டார்.

வானொலியின் வரிசை எண் கிடைத்தால், அதைக் கொண்டு இரகசிய எண்ணைக் கேட்டுப் பெறலாம். அந்த வரிசை எண் வானொலிப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே கழற்றத் துணிந்தேன். முதலில் பேட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றினேன். கியர் கம்பிக்கு முன்னால் இருந்த சாம்பல் தட்டையும் அதைச் சுற்றியிருந்த பலகையையும் எடுத்தேன். உள்ளே இருந்த திருகாணிகளைத் திருகி, கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கினேன். பிறகு கீழிருந்து கையை விட்டு, வானொலியைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினேன். பெரிய இணைப்பி ஒன்று, ஏரியல் கம்பி ஒன்று. பிடுங்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். தூசியைத் துடைத்ததும் மேலே எட்டு இலக்க எண் தெரிந்தது. அப்பா டார்ச் லைட்டைப் பிடித்தபடி, அறுவைச் சிகிச்சை பார்ப்பவர்போல் நின்றார்.

மறுநாள் சேவை மையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, "கெரானும் உரிமையாளரின் அடையாள அட்டையும் வேண்டும்" என்றார். எனக்கு அங்கேயே கால் தளர்ந்தது.

கெரானில் இருப்பது அப்பாவின் பெயர் அல்ல. பெரியப்பாவின் பெயர்.

2015-இல் பெரியப்பாவிடம் அந்தக் காரை அப்பா தவணைக்கு வாங்கினார். மாதம் 350 ரிங்கிட். கட்டி முடித்ததும் பெயர் மாற்றுவதாகப் பேச்சு. கடைசியில் இரண்டு மாதம் பாக்கி என்றார் பெரியப்பா. எல்லாம் கட்டியாகிவிட்டது என்றார் அப்பா. இருவரும் எழுதி வைக்கவில்லை. 700 ரிங்கிட்டுக்காக அண்ணன் தம்பி ஏழு ஆண்டு பேசவில்லை. ஆண்டுதோறும் காப்புறுதி புதுப்பிக்கும்போது பெரியப்பாவின் பெயரில்தான் தாள் வரும். அப்பா அதைப் படிக்காமலேயே மடித்து உள்ளே வைப்பார். 'இது யாருடைய கார்?' என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. முதலில் கேட்டது அந்த வானொலிதான்.

அப்பாவுக்குத் தெரியாமல் பெரியப்பாவை அழைத்தேன். குரலைக் கேட்டதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நம்பர் அட்டை எங்கிட்டதான் இருக்கு. போன்ல சொல்ல மாட்டேன். அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது, "ரேடியோவே வேணாம், போ" என்றார். கடையில் 200 ரிங்கிட்டுக்குப் புதியது கிடைக்கும் என்று நானே சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. பத்து நாள் ஊமைக் காரிலேயே வேலைக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "கோல சிலாங்கூருக்குப் போவமா?" என்றார்.

வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. வானொலியும் இல்லை. அவ்வளவு நீளமான சாலை அது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரியம்மா வாசலிலேயே அழுதுவிட்டார். தேநீர் வந்தது. பெரியப்பா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதில் கெரான், கையேடு, மாற்றுச் சாவி, ஒரு சிறு அட்டை. அட்டையை என்னிடம் நீட்டினார். அதே நேரம் அப்பா சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் எவ்வளவு என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

"இதுக்காகவா வரச் சொன்னேன்?" என்றார் பெரியப்பா.

"எனக்குத் தெரியும்ணே" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. மன்னிப்பும் இல்லை, கணக்கும் இல்லை. அடுத்த அரை மணி நேரம் பெரியப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது மேசையைப் பார்த்தேன். உறை இல்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

காரில் உட்கார்ந்து ஐந்து இலக்கத்தையும் அழுத்தினேன். 'பீப்' என்றது, பிறகு ஒரே இரைச்சல். மின்சாரம் அறுந்தபோது பதிந்து வைத்திருந்த நிலையங்களும் அழிந்திருந்தன. நான் கை நீட்டுவதற்குள் அப்பாவே திருகித் திருகி 92.3-க்கு வந்தார். 1-ஆம் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பெரியப்பா சன்னல் ஓரமாகக் குனிந்து, "பாடுதா?" என்று கேட்டார். "பாடுதுண்ணே" என்றார் அப்பா.

இரண்டு வாரம் கழித்து புஸ்பாகோம் சோதனை முடிந்தது. ஜேபிஜே முகப்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெருவிரல் ரேகை வைத்தார்கள். கார் அப்பாவுடையதானது.

நண்பர்களே, உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால், பேட்டரியைக் கழற்றும் முன் அந்தச் சிறு அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். கெரானில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். எங்கள் அட்டை இப்போது அப்பாவின் பணப்பையில் இருக்கிறது. பின்பக்கத்தில் பெரியப்பாவின் கைப்பேசி எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்.