தேய்மானக் கணக்கு

பி.காம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தேய்மானம் ஞாபகத்துக்கு வரும். லட்ச ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கினால், வருஷா வருஷம் இவ்வளவு தேய்ந்தது என்று செலவு எழுத வேண்டும். சரி, ஓசியில் வந்த மெஷினுக்கு? விலை பூஜ்யம், எனவே, தேய்மானமும் பூஜ்யம். கணக்கு சுத்தம். ஆனால், மெஷின் தேயாமல் இருந்துவிடுமா, சொல்லுங்கள்?

எனக்கு இந்தச் சந்தேகம் வந்த இடம் மரக்காணம். புதுச்சேரி போகிற வழியில், உப்பளத்தோரம் நானும் அண்ணன் மகனும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ‘‘அப்படி என்னதாண்டா உன் வேலை?’’ என்றேன்.

‘‘வாஷிங் மெஷின், கரன்ட் மீட்டர் எல்லாத்துக்குள்ளேயும் ஒரு சிப் இருக்கும்ல சித்தப்பா? அதுக்குள்ள ஓடற புரோகிராமுக்கு ஃபர்ம்வேர்னு பேரு. அதை எழுதி, சிப்புல ஏத்தி, ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கணும்.’’

ஏற்றிப் பார்க்க ‘ஓப்பன் ஓசிடி’ என்று ஒரு கருவி இருக்கிறதாம். டொமினிக் ராத் என்ற ஜெர்மன் மாணவர் தன் படிப்புக்காகச் செய்த புராஜெக்ட், இன்று ஊருக்கெல்லாம் இலவசம். சென்னை ஐ.ஐ.டி-யின் ‘ஷக்தி’ புராஸசருக்கும் அது உதவுகிறது. ‘நிறுத்து’, ‘ஏற்று’, ‘ஓட்டு’ என்று இன்ஜினீயர்கள் எழுதும் ஸ்கிரிப்ட்டை அந்தக் கருவிக்குப் புரியவைப்பது ‘ஜிம்’ என்கிற குட்டி லைப்ரரி. இத்தாலியின் சால்வதோர் சான்ஃபிலிப்போ 2005-ல் தொடங்கியது. பிறகு, ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் பென்னட் அதைப் பராமரிக்க ஆரம்பித்தார்.

பராமரிப்பது என்றால்? பிழை திருத்தணும். புதுசு சேர்க்கும்போது பழசு உடையக்கூடாது. ஒரு கட்டளையின் அர்த்தம் லேசாக மாறினாலும், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பழைய ஸ்கிரிப்ட் படுத்துவிடும்.

‘‘இதுக்கு உங்க கம்பெனி எவ்வளவுடா கட்டுது?’’

‘‘ஓப்பன் சோர்ஸ் சித்தப்பா... ஃப்ரீ!’’ என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2024-ல் நடந்த கூத்து தெரியுமா உங்களுக்கு? ஃபைல்களைச் சுருக்கும் ‘எக்ஸ்.இஸட்’ என்ற இலவச லைப்ரரியை, ஃபின்லாந்தின் லாஸ்ஸே காலின் சம்பளமில்லாமல் ஒற்றை ஆளாகக் கவனித்துவந்தார். மனுஷன் களைத்துப்போன நேரத்தில், ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஓர் உதவிக்கரம் நீண்டது. இரண்டு வருஷத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக வேலை பார்த்து நம்பிக்கை சம்பாதித்த அந்தக் கரம், லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழைய ஒரு கள்ளச்சாவியைச் செருகிவிட்டது. லாக்-இன் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்கிற இன்ஜினீயர் நோண்டியதால், உலகம் தப்பித்தது.

உப்பளத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கும். மழை விட்டதும் தண்ணீரை வடித்து, சேறு அள்ளி, வரப்பு கட்டி, தரையை மிதித்து இறுக்கினால்தான் உப்பு. செய்யாவிட்டால், அந்த வருஷமே வயிற்றில் அடிக்கும். அதனால் செலவை யாரும் தள்ளிப்போடுவதில்லை.

பொதுச் சொத்தின் கதை வேறு. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனையும் மரக்காணம் பக்கம்தான். 1806-ல் வெட்ட ஆரம்பித்த கால்வாய். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் போயின. 1965, 66 புயல்கள் சேதப்படுத்தின. சென்னைக்குள் அதிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம், சாக்கடையை விட்டோம். எல்லோரும் பயன்படுத்தியதுதான். அது கெடுவது ஒரே வருஷத்தில் தெரியவில்லை. தெரிந்தபோது படகு போக வழியில்லை.

உங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பட்ஜெட் போடுபவர் நீங்கள்தானா? ஓசியில் ஓடுகிற சாமான்களை ஒரு லிஸ்ட் எடுங்கள். எது நின்றால் உங்கள் வேலையும் நிற்குமோ, அதைக் கவனிப்பவருக்கு ஒரு தொகை அனுப்புங்கள். பணம் இல்லையா? உங்கள் இன்ஜினீயர் ஒருவரை வாரத்தில் நாலு மணி நேரம் அங்கே பிழை திருத்த விடுங்கள். அதை ‘நன்கொடை’ என்ற தலைப்பில் மட்டும் எழுதிவிடாதீர்கள். லாபம் குறைந்தால், முதலில் அடிபடுவது அந்தத் தலைப்புதான். ‘ரிப்பேர் மற்றும் பராமரிப்பு’ என்று எழுதுங்கள். ஆடிட்டர் கேட்டால், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்!