கிடை போன பின் தங்கிய குட்டி

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில், பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது வைரவன்பட்டி. நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்று இங்கே உள்ளது. தேய்பிறை அஷ்டமியன்று சுற்று வட்டாரச் சனங்கள் வைரவருக்கு விளக்கு ஏற்றுகிறார்கள். வைரவரின் வாகனம் நாய். கல்லில் இருக்கும் நாயைத் தொட்டுக் கும்பிடும் ஊரில், வாசலுக்கு வரும் நாய்க்குட்டிக்கு என்ன மரியாதை?

இந்தக் கேள்வி, கோயிலிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் ஒரு சம்சாரி வீட்டுக்கு ஒரு மாசி மாதத்தில் வந்தது. செம்மண் பூமி, மானாவாரி நெல், பன்னிரண்டு வெள்ளாடுகள், ஒரு நாட்டுமாடு, கொஞ்சம் கோழிகள். வீட்டில் கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், அப்பத்தா. அறுவடை முடிந்த வயலில் நாலு ராத்திரி செம்மறிக் கிடை போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் விடியுமுன் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். வயலில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. வைக்கோல் போருக்கு அடியில் ஒரு செவலை நாய்க்குட்டியும் கிடந்தது. காலில் சீமைக்கருவேல் முள். இரண்டு மாதம் இருக்கும். பெட்டை.

"பெட்ட நாயி வேணாம்ப்பா. வருசத்துக்கு ரெண்டு ஈத்து போடும். கம்மாக் கரையில விட்டுட்டு வா" என்றார் அப்பத்தா.

மகனும் குட்டியை உரச் சாக்கில் போட்டு, மொபட்டில் பக்கத்து ஊர்க் கண்மாய்க்குக் கொண்டு போனார். கரையில் ஏற்கெனவே ஐந்தாறு குட்டிகள் திரிந்தன. எல்லாம் யாரோ கொண்டுவந்து விட்டவை. ஒட்டிய வயிறோடு அவை சாக்கைப் பார்த்து ஓடி வந்தன. அவர் சாக்கை அவிழ்க்காமல் திரும்பி வந்துவிட்டார்.

"நாம அங்க விட்டா, அவுக இங்க வந்து விடுவாக. நாளைக்கு அதுகதானே ஆட்டக் கடிக்கப் போவுது?" என்றார். அப்பத்தா பதில் சொல்லவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காங்கேயம், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றதையும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் சாலைக்கு வந்ததையும் செய்தியில் படித்தோம். அந்த நாய்களில் பல, ஒரு காலத்தில் யாரோ சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்ட குட்டிகளாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் கடி

முள்ளை எடுத்து, குட்டியைப் பின்கட்டில் கட்டிப் போட்டார்கள். மூன்றாம் நாள், சோறு வைக்கப் போன பையனின் விரலைக் குட்டி கவ்விவிட்டது. ரத்தம் வரவில்லை, தோலில் ஒரு கீறல். அப்பத்தா சுண்ணாம்பை எடுத்தார். மருமகள் அதைத் தடுத்து, பையனைக் குழாயடிக்கு இழுத்துப் போய், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். அதன் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்.

வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஆனால் கடித்த உடனே கழுவி, ஊசியை முழுசாகப் போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம். பால்பல் குட்டிதானே என்று விடக் கூடாது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. தோலுக்குள் போடும் ஊசியானால் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். ரத்தம் வரும் கடியாக இருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசிக்குக் காசு இல்லை.

"குட்டிய எங்கயும் வெரட்டி விட்றாதீங்க. கட்டிப் போட்டு, பத்து நாள் பாத்துக்கிட்டே இருங்க" என்றார் அங்கிருந்த செவிலியர். கடித்த நாய் பத்து நாளும் நல்லபடியாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் நோய் இல்லை என்று அர்த்தம். ஆக, துரத்த நினைத்த அதே நாளில் குட்டிக்கு அந்த வீட்டில் பத்து நாள் இடம் கிடைத்தது.

ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவே

பதினோராம் நாளும் குட்டி துள்ளிக்கொண்டுதான் இருந்தது. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார்கள். முதலில் குடற்புழு மருந்து. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது நல்லது. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடம் ஒருமுறை.

ஆடு வளர்க்கும் வீட்டில் புழு மருந்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டை, சாணத்தோடு மேய்ச்சல் புல்லில் விழுகிறது. அதைத் தின்ற ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகும். ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். இன்னொரு வகைப் புழு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும், மனிதனுக்கும் வரும். அதனால் ஆடு அறுத்தால் தலை, ஈரல், குடல் கழிவைப் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. புதைத்துவிட வேண்டும்.

தீனி விஷயத்தில் அப்பத்தாவைத் திருத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. செட்டிநாட்டுக் குழம்பின் காரம் நமக்குச் சரி, நாய்க்கு ஆகாது. வெங்காயம் அதன் ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். சோற்றோடு மோர், வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் போதும்.

ராத்திரியில் குட்டியை ஆட்டுக் கொட்டில் ஓரமாகக் கட்டினார்கள். சின்ன வயதிலேயே ஆட்டு வாடையோடு வளரும் நாய், ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கும். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் 1994 முதல் ஆட்டுக்காரர்களுக்குக் காவல் நாய்க்குட்டிகளைக் கொடுத்து வருகிறார்கள். சிறுத்தையிடமிருந்து ஆடும் தப்புகிறது, ஆட்டுக்காரரின் துப்பாக்கியிலிருந்து சிறுத்தையும் தப்புகிறது. நம் ஊருக்கும் இது பழைய சங்கதிதான். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்து விழுந்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது.

இந்த வீட்டுக் குட்டிக்குப் பையன் வைத்த பெயர் கீதாரி. ஏழாம் மாதம் கருத்தடை அறுவை செய்தார்கள். இரண்டு ஈத்துப் பயம் அன்றோடு தீர்ந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, கொட்டிலுக்கு வந்த நரியைக் குரைத்தே விரட்டியது.

அடுத்த மாசியில் அதே கிடை மறுபடி வந்தது. செவலையை அடையாளம் கண்ட பெரிய கீதாரி, "எங்க மந்தக் குட்டில்ல இது! குடுத்தீகன்னா ஓட்டிட்டுப் போயிருவோம்" என்றார்.

திண்ணையிலிருந்து அப்பத்தா சொன்னார்: "ஊசி போட்ட சீட்டெல்லாம் எங்க வீட்டுப் பேர்லதான் இருக்கு. ஒங்க நாய்களுக்கு ஊசி போட்டாச்சான்னு மொதல்ல சொல்லுங்க."

மறுநாள் காலையில் கிடையின் மூன்று நாய்களும் கால்நடை மருந்தகத்து வாசலில் கட்டிக் கிடந்தன.