மழை மாதத்துக் கூலி

கார்த்திகை, திங்கள்

ஆரோவில்லுக்கு அருகே இடையஞ்சாவடிச் சாலையில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. செம்மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆதிசக்தி வளாகத்தில் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறார்கள். ஒரு மேசை, ஒரு கட்டில், சன்னலுக்கு வெளியே மரங்கள்.

வீணாபாணி சாவ்லா 1981-இல் பம்பாயில் தொடங்கிய நாடகக் குழு இது. 1993-இல் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து, பிறகு இந்தக் காட்டை வீடாக்கிக்கொண்டது. 2014-இல் அவர் மறைந்த பிறகு, அவரிடம் பயின்ற வினய்குமாரும் நிம்மி ரஃபேலும் முன்னின்று நடத்துகிறார்கள். நாடகக்காரர்களும் நடனக்காரர்களும் எழுதுகிறவர்களும் இங்கே தங்கி வேலை செய்கிறார்கள். ரெசிடென்சி என்று அழைக்கப்படும் ஏற்பாடு. எழுதி முடியாத நாடகம் ஒன்றோடு நான் வந்திருக்கிறேன்.

புதன்

காலையில் களரிப் பயிற்சி. அதன்பின் மூச்சு. கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் ஒவ்வொரு பாவத்துக்கும் தனியாக ஒரு மூச்சு உண்டு. வீணாபாணி அதைத் தேடிப் போய்க் கற்று, எந்த நடிகரும் பழகக்கூடிய பயிற்சியாக ஆக்கினார். துக்கத்தை வரவழைக்கத் தன் வீட்டுச் சாவை நடிகர் நினைக்க வேண்டியதில்லை. துக்கத்தின் மூச்சை உடம்பு எடுத்தால் முகம் தானாகக் கலங்குகிறது. என் கண்ணெதிரே நடந்தது, அதனால் நம்புகிறேன்.

மிழாவையும் தொட்டுப் பார்த்தேன். பெரிய செப்புக் குடம், வாயில் இழுத்துக் கட்டிய தோல், கோல் கிடையாது, வெறுங்கையால் வாசிப்பு. கேரளத்துக் கூத்தம்பலத்துக்குள் இருந்த அந்த வாத்தியத்தின் தாளத்திலிருந்தே 2000-இல் ‘கணபதி’ என்ற நாடகத்தை இவர்கள் உருவாக்கினார்கள். ஒரு வாத்தியத்தோடு அவ்வளவு காலம் உட்கார்ந்திருக்க வாடகை ஒத்திகைக் கூடத்தில் முடியுமா? மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டும் இடத்தில் தெரிந்ததைத்தான் திரும்பச் செய்ய வரும்.

வெள்ளி

மழை. கரண்ட் இல்லை. ஒரு வரியும் எழுதவில்லை. என்ன எழுதினாய் என்று யாரும் கேட்கவுமில்லை. கேட்காமல் இருப்பதுதான் இந்த இடம் தரும் பெரிய கொடை.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பீட்டர்பரோவில் உள்ள மேக்டவல் என்ற கலைஞர் ரெசிடென்சியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். எட்வர்ட் மேக்டவல் என்ற இசையமைப்பாளரும் அவர் மனைவி மரியனும் 1907-இல் தங்கள் பண்ணையில் ஏற்படுத்திய இடம். மறு வருடமே எட்வர்ட் இறந்துபோனார். மரியன் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துப் பணம் திரட்டி அந்த இடத்தைக் காப்பாற்றினார். காட்டுக்குள் தனித்தனிக் குடில்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஜேம்ஸ் பால்ட்வின் அங்கே தங்கி எழுதியிருக்கிறார். தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. வருமானத்தை விட்டுவிட்டு வரமுடியாத கலைஞர்களுக்குப் பண உதவியும் உண்டு. அந்தக் கடைசி ஏற்பாடுதான் மனத்தை விட்டுப் போகவே இல்லை.

சனி, இரவு

கூத்தாடும் நண்பர் ஒருவர் போன் செய்தார். துரியோதனன் வேஷம் கட்டுவார். கிரீடமும் புஜக்கட்டையும் ஏறிவிட்டால் விடியும்வரை களத்தை விட்டு இறங்கமாட்டார். இப்போது கொத்தனாரிடம் கையாளாகப் போகிறார். மழையில் அந்த வேலையும் பாதி நாள் இல்லை. அடுத்த பங்குனிக்கான அட்வான்ஸை இப்போதே வாங்கிச் செலவழித்தாயிற்று.

நான் இருக்கும் இடத்தைச் சொன்னேன். “சாப்பாடு போட்டு இடமும் குடுக்கறாங்களா? நல்லதுதான் சார். வீட்டுக்கு யாரு அனுப்புவாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை. எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது.

வடதமிழ்நாட்டில் பாரதக் கூத்து பங்குனி, சித்திரையில் சூடுபிடிக்கும். ஆடி, ஆவணிவரை ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் முகவீணை உறைக்குள் போய்விடும். புதுக் கூத்து கட்ட, மறந்துபோன பாட்டை மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள, பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தர இதைவிடத் தோதான காலம் கிடையாது. அந்தக் காலத்தில்தான் அவர்கள் செங்கல் தூக்குகிறார்கள்.

ஞாயிறு

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி ப்ருயினும் 2002-இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூத்துக்குப் போனவர் ராஜகோபால். தன்னிடம் வரும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கூத்தும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பெண்பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டினார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. அப்படி ஓர் இடம் நிற்பதற்கு ஒரு தம்பதியின் ஆயுள் முழுவதும் செலவாகக் கூடாது. சமூகம் தாங்கியிருக்க வேண்டும்.

கிராமத்தில் கலை மையம் நடத்துகிறவர்களுக்கும், அதற்குப் பணம் தருகிறவர்களுக்கும், இயல் இசை நாடக மன்றத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரும் ஐப்பசியில் ஒரு கூத்துக் குழுவை முழுதாக அழையுங்கள். ஆங்கிலப் படிவம் வேண்டாம். நேரில் போய்த் தமிழில் பேசுங்கள். ஒவ்வொருவருக்கும் தினக்கூலி கணக்குப் போட்டு, அதை முன்கூட்டியே அவர்கள் வீட்டில் சேர்த்துவிடுங்கள். அறையும் சாப்பாடும் அதற்குப் பிறகு.