வாப்பாவின் தயம்மும்

எழுபதைக் கடந்த என் வாப்பாவின் கால்களில் திடீரென நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. 'புல்லஸ் பெம்பிகாய்டு' என்றார் தோல் மருத்துவர். மேல்தோலை அடித்தளச் சவ்வோடு பிணைக்கும் கொலாஜன் 17 என்னும் புரதத்தை, உடலின் எதிர்ப்புச் சக்தியே பகையெனக் கருதித் தாக்குகிறது. பிடிப்பு அறுந்து, இடையில் நீர் கோக்கிறது. தோல் புற்றுநோய்ச் செல்களும் அந்தச் சவ்வை அரித்தே ஆழத்தில் இறங்குகின்றனவாம்.

உடைந்த புண்களை நனைக்க வேண்டாமென்று மருத்துவர் தடுத்தும் வாப்பா ஒளுவை விடவில்லை. நலமான உறுப்புகளைக் கழுவி, புண்ணுக்காகத் தயம்மும் செய்யலாமென்று ஆலிம் கூறினார்.

"அரைகுறை ஒளுவோடு அவன் முன் நிற்கவா?" என்று வாப்பா கலங்கினார்.

"சலுகை தந்தவனும் அவன்தானே, வாப்பா" என்றேன்.

அன்று லுஹருக்கு மண்ணில் கை வைத்தார்.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிணைப்புக்காக நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.