தில்லியில் ஒரு வாத்தியக் கடை

தலைநகர்வாழ் அன்பர்கள் கன்னாட் பிளேஸ் செல்லுங்கால் ரிக்கி ராம் வாத்தியக் கடையைக் காணத் தவறலாகாது. லாகூரில் தோன்றி, நாட்டுப் பிரிவினையால் நம்மைப் போலவே தில்லிக்குக் குடிபெயர்ந்த கடை அது. 1966 ஜூலையில் பீட்டில்ஸ் குழுவினர் அதைத் தேடிச் சென்று வாத்தியங்கள் வாங்கினர்.

சென்ற மாதம் அக்கடை வாயிலில் என் மகனும் அவன் தோழனும் வாதிட்டனர்.

"ராக் இசைக்குச் சிதாரைத் தந்தவர்கள் பீட்டில்ஸே!"

"ரோலிங் ஸ்டோன்ஸும் 1966-இல் 'பெயிண்ட் இட் பிளாக்'கில் சிதார் மீட்டினரே!"

கரோல் பாகில் என் தந்தையார் அரியக்குடிக்காகவும், அண்டை வீட்டார் ஜி.என்.பி.க்காகவும் தொடுத்த இனிய பூசல்கள் நினைவில் எழுந்தன.

வீடு திரும்புகையில் மகன் வினவினான்: "அப்பா, பாட்டியின் வீணைக்கு அங்கே தந்தி கிடைக்குமா?"

பத்தாண்டுகளாக உறைக்குள் உறங்கும் வீணை அது. மறுநாளே மீண்டும் சென்றோம்.