கொக்கா பயிரிடுகிறவன் கோடீஸ்வரனா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் ஆண்டு வகுப்பில் போதைப்பொருள் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மாணவன் எழும்பி, "சேர், கொக்கேய்ன் உண்டாக்குற ஆக்கள் எல்லாம் பெரிய கோடீஸ்வரன்மார்தானே?" என்று கேட்டான். படங்களில் பார்த்ததை வைத்துக் கேட்கிறான், அவனில் பிழையில்லை. மணி அடித்துவிட்டதால் சொல்லி முடிக்கக் கிடைக்கவில்லை. பெரியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கொக்கா ஒரு செடி. பெரும்பாலும் கொலம்பியா, பெரு, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளில்தான் விளைகிறது. நம் மூத்தவர்கள் வெற்றிலை போடுவதைப் போல அந்தீஸ் மலை மக்கள் பசிக்கும் களைப்புக்கும் அந்த இலையை மெல்லுவார்கள். பொலிவியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 22,000 ஹெக்டேயர் வரை பயிரிட அனுமதியும் உண்டு. ஆக, இலை வேறு, கொக்கேய்ன் வேறு. நூற்றுக்கணக்கான கிலோ இலையை வெட்டி, சீமெந்தோ சுண்ணாம்போ கலந்து, பெற்றோலில் ஊறவைத்து, அசிட் சேர்த்துத்தான் ஒரு கிலோ கொக்கேய்ன் எடுக்கிறார்கள். கழிவு பக்கத்து ஓடைக்குப் போகும்.

அப்படியென்றால் ஏன் அதைப் பயிரிடுகிறான்? கொலம்பியாவின் கத்ததும்போ, புத்துமாயோ பக்கத்துக் கிராமங்களில் ஒழுங்கான பாதை இல்லை. வாழைக்குலையைச் சேற்று வழியில் சந்தைக்குக் கொண்டுபோனால் லொறிக் கூலிக்கும் காணாது. கொக்காவை வருடத்தில் பல தடவை பறிக்கலாம். பசையாக்கினால் ஒரு பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம். வாங்குகிறவன் தேடி வருவான். விலையை அவன்தான் வைப்பான்; துப்பாக்கியும் அவன் பக்கம்தான். பறிக்கிற கூலிக்காரருக்கு நிறைக்குத்தான் சம்பளம், நம் மலையகத்துக் கொழுந்து மாதிரி. விரல் வெடிக்கும் என்று துணி சுற்றிக்கொண்டு பறிப்பார்கள். 2022, 2023இல் பல இடங்களில் வாங்க ஆளில்லாமல் போனபோது இந்தக் குடும்பங்கள் சாப்பாட்டுக்கே திண்டாடின. இவனா கோடீஸ்வரன்?

அரசும் இவன் தலையில்தான் கைவைத்தது. விமானத்திலிருந்து கிளைபோசேட் தெளித்தார்கள். கொக்காவோடு மரவள்ளி, சோளம், வாழை எல்லாம் கருகின. 2015இல்தான் அதை நிறுத்தினார்கள். (நம் நாட்டில் கிளைபோசேட்டைத் தடைசெய்ததும் அதே வருடம்தான்.)

2016இல் பார்க் இயக்கத்தோடு சமாதான ஒப்பந்தம் வந்தது. கொக்காவைப் பிடுங்கினால் பணமும் மாற்றுப் பயிருக்கு உதவியும் தருவோம் என்றார்கள். நிறையக் குடும்பங்கள் நம்பித் தங்கள் கையாலேயே பிடுங்கின. பணம் பிந்தியது, பாதை வரவேயில்லை. பார்க் விட்டுப்போன இடத்துக்கு வேறு ஆயுதக் குழுக்கள் வந்து சேர்ந்தன. பயிரை மாற்றச் சொல்லி முன்னுக்கு நின்ற ஊர்த் தலைவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். 2023இல் கொலம்பியாவின் கொக்கா நிலம் 253,000 ஹெக்டேயர் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கெடுத்தது. அதுவரை இல்லாத அளவு.

2025 ஜனவரியில் கத்ததும்போவில் ஈஎல்என் குழுவும் பார்க்கிலிருந்து பிரிந்தவர்களும் மோதிக்கொண்டார்கள். 50,000க்கும் மேற்பட்டோர் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். 1990ஐப் பார்த்த நம் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குக்குத்தா நகரத்து விளையாட்டரங்கில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களில் பாதிப்பேர், புதிய தவணைக்குப் பாடசாலை போகவேண்டிய வயதுப் பிள்ளைகளும் அவர்களின் உம்மாமாருமாகத்தான் இருந்திருப்பார்கள்.