அத்தையின் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’... யாருக்கு?

சாயங்காலமானால் அத்தைக்கு இடது இமை தானாக இறங்கிவிடும். திருமங்கலம் பக்கம் கிராமம், பூக்கட்டிப் பிழைப்பு. காலையில் ஒன்றாகத் தெரிகிற நூல், நாலு மணிக்கு மேல் இரண்டாகத் தெரியும். கண் டாக்டர், மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸை வைத்து எடுத்தார். இமை மேலே ஏறியிருந்தது. “கோளாறு கண்ணுல இல்லம்மா” என்று நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார். மயஸ்தீனியா கிராவிஸ். அமிதாப் பச்சனுக்கு வந்த அதே நோய் என்றதும் மாமாவுக்கு லேசான பெருமைகூட.

நெஞ்சு ஸ்கேன் வரும்வரைதான் அந்தப் பெருமை. இந்த நோய் வந்தவர்களில் 10 முதல் 15 சதவிகிதம் பேருக்கு, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். அத்தைக்கும் இருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. இங்கிலீஷில் எது வந்தாலும் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிற எனக்குத்தான் அனுப்புவார்கள். ‘தைமோமா, பி2 வகை’. கீழே, சி.டி.5 பாசிட்டிவ். கி-67, 70 சதவிகிதம். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ‘பாசிட்டிவ்’ என்றால் ஒரே அர்த்தம்தான். கி-67 என்பது செல்கள் பெருகும் வேகம் என்று மாமாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். தை மாதம் வைத்திருந்த மகள் கல்யாணத்தை ஐப்பசிக்கே இழுத்துவிடலாமா என்று கேட்டார். “அவ இருக்கும்போதே...” அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்த நோயியல் டாக்டரையே போய்ப் பார்த்தேன். அந்த அம்மா முதலில் கேட்டது, “70 சதவிகிதம் எந்த செல்லுலன்னு போட்டிருக்கேனே, படிச்சீங்களா?” பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, ‘லிம்போசைட்டுகளில்’.

தைமஸ் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. எதிர்ப்புச் சக்தி தரும் டி செல்கள் சிறுபிள்ளைகளாக வந்து அங்கேதான் படித்துத் தேறுகின்றன. 1961-ல் ஜாக் மில்லர் எலிகளை வைத்துக் கண்டுபிடிக்கும்வரை அந்தச் சுரப்பி எதற்கென்றே தெரியாது. பி2 கட்டிக்குள்ளும் அந்தப் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும், வேகமாகப் பெருகும். அது அவற்றின் இயல்பு. சி.டி.5-ம் டி செல்லில் இருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துச் சுவர் போன்ற எபிதீலியல் செல்தான் கட்டியின் மூலம். அதில் சி.டி.5, சி.டி.117 இரண்டும் தெரிந்தால்தான் தைமிக் கார்சினோமா என்கிற முரட்டு வகையோ என்று சந்தேகிப்பார்கள். அத்தைக்கு அங்கே இரண்டுமே நெகட்டிவ். (கி-67 என்ற பெயர் ஜெர்மனியின் கீல் நகரத்திலிருந்து வந்ததாம். எனக்கு இப்படித் துணுக்குகள்தான் மனதில் நிற்கின்றன.)

“அப்போ எவ்வளவு நாள்னு இதுல தெரியாதா?”

அதுதான் சிக்கல். அமெரிக்கக் கணக்குப்படி, வருஷத்துக்கு 10 லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இந்தக் கட்டி வருகிறது. இவ்வளவு குறைவான ஆட்களை வைத்து எந்தக் குறியீட்டையும் உறுதியாகச் சொல்வது கஷ்டம். பி.டி.எல்-1 இருந்தால் நல்லது என்று ஓர் ஆய்வு சொல்லும், கெட்டது என்று இன்னொன்று சொல்லும். 2014-ல் ஜி.டி.எஃப்.2.ஐ என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அது இருந்தால் நோயாளி நன்றாக இருக்கிறார். ஆனால், அது அதிகம் தென்படுவது ஏற்கெனவே சாதுவான ஏ, ஏபி வகைகளில். நல்லது செய்தது மாற்றமா, வகையா?

டாக்டர் பேனாவால் கோடு போட்டது வேறு வரியில். கட்டி தன் உறையைத் தாண்டியிருக்கிறதா, வெட்டிய விளிம்பு சுத்தமா? 1981-ல் ஜப்பானின் மசவோகா வகுத்த நிலைகளும் இந்தப் பரவலைத்தான் பார்க்கின்றன. அத்தைக்கு உறையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. விளிம்பு சுத்தம். “இன்னொரு டாக்டர்கிட்ட கேட்கணும்னா ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிட்டுப் போங்க. வெறும் ரிப்போர்ட் பேப்பர் போதாது” என்றார். பல வருஷம் கழித்தும் இது திரும்பலாம் என்பதால், 10 வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் அத்தையிடம் அப்படியே சொன்னேன். மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

“பத்து வருசம் ஸ்கேன் எடுக்கச் சொல்றாகன்னா, பத்து வருசம் இருப்பேன்னுதானடா அர்த்தம்?” என்றார் அத்தை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்துக்கு போன் போட்டு, தை முகூர்த்தமே இருக்கட்டும் என்றார்.